தைத்த வயிறும் தளரும் தழும்பும்

அறுவை மருத்துவத்தின் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் வயிற்றைத் திறந்த கதையையே படிக்கின்றனர். குடல்வால் அழற்சி, கருப்பைக் கட்டி, துளை விழுந்த இரைப்பை ஆகிய யாவும் ஒரு காலத்தில் உயிரைக் குடித்த நோய்கள். மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்த பின்னரே மருத்துவர் வயிற்றைத் திறந்து நோயை அகற்றத் துணிந்தனர். ஆனால் திறந்த வயிற்றை மூடுவதும் ஒரு கலை. அதுவும் எளிய கலையன்று. மூடியது மூடியபடியே நிற்குமா என்பது, நோயாளி வீடு திரும்பிப் பல திங்கள் கழிந்த பின்னரே தெரியவரும்.

அறுவை முடிந்து, மேல்தோல் ஆறி, நோயாளியும் நலம் பெற்றுத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, பழைய தழும்பின் அருகே ஒரு வீக்கம் தலைகாட்டுவது உண்டு. இருமினால் அது புடைக்கும், படுத்தால் அடங்கும். தோலுக்கு அடியில் தைத்திருந்த சுவர் விலகி, அவ்விடைவெளியில் குடலோ குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையோ வெளியே பிதுங்குவதே இதற்குக் காரணம். மருத்துவர் இதனை ‘இன்சிஷனல் ஹெர்னியா’ என்பர். இக்கட்டுரையில் ‘தழும்புப் பிதுக்கம்’ என்றே வழங்குவேன். வயிற்றின் நடுவே நெடுக்காகக் கீறிச் செய்யும் அறுவைகளுக்குப் பின் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு இது தோன்றுகிறது என்பர். எனவே இதனை அருமையான நோய் என்று ஒதுக்கிவிட இயலாது.

நான் மருத்துவ மாணவன் அல்லன். பாலிமர் வேதியியல் பயில்பவன். ஆயினும் இப்பொருளுக்கும் எங்கள் துறைக்கும் நெருங்கிய உறவு உண்டு. வயிற்றைத் தைக்கும் நூலும் பாலிமரே. தளர்ந்த சுவரைத் தாங்க வைக்கும் வலையும் பாலிமரே. அவற்றின் வலிமையை எந்திரத்தில் இழுத்துப் பார்த்து, இத்தனை நியூட்டன் என்று எங்களால் சொல்லிவிட முடியும். வயிறு கேட்கும் வலிமையைவிட அவை பன்மடங்கு வலியனவாக இருந்தும், தைத்த வயிறு மீண்டும் திறப்பது ஏன்? வலை வைத்த பிறகும் சிலர் துன்புறுவது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை காண்போம்.

வயிற்றுச் சுவரின் அமைப்பு

மார்புக்கு எலும்புக்கூடு உண்டு; வயிற்றின் முன்புறத்துக்கு அத்தகைய காவல் இல்லை. அங்கே தசையும் தசைநார்த் தகடுகளுமே சுவர். நடுக்கோட்டின் இருமருங்கிலும் மார்பெலும்பின் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு நேர்தசைகள் வார்போல் இறங்குகின்றன. பக்கவாட்டில் மூன்று தசைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெவ்வேறு திசையில் ஓடும் இழைகளுடன் அமைந்துள்ளன. இம்மூன்றின் தசைநார்த் தகடுகளும் நேர்தசைகளை உறைபோலச் சூழ்ந்து, நடுவில் ஒன்றோடொன்று பின்னிக் கொள்கின்றன. அவ்வாறு பின்னிய இடமே ‘வெண்கோடு’ எனப்படும்.

வெண்கோட்டில் தசை இல்லை; குருதிக் குழாய்களும் மிகக் குறைவு. ஆகவே அதன் வழியே கீறினால் குருதி அதிகம் சிந்தாது. வயிற்றின் எப்பகுதியையும் விரைவில் எட்டலாம். அவசர அறுவைகளில் மருத்துவர் இவ்வழியை நாடுவது இதனாலேதான். ஆயின் இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. பக்கத் தசைகள் யாவும் அக்கோட்டினை இருபுறமும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே நெடுக்காகப் போட்ட கீறல், ஆறும் காலம் முழுவதும் இழுவிசைக்கு ஆட்பட்டே நிற்கிறது. அடிவயிற்றில் குறுக்காகக் கீறும் முறையை ஜெர்மனியின் ஃபானென்ஸ்டீல் 1900-இல் விளக்கினார். இன்று மகப்பேற்று அறுவைகளில் பெரிதும் வழங்குவது அதுவே. அத்தழும்பில் பிதுக்கம் தோன்றுவது நெடுக்குத் தழும்பைவிட மிகக் குறைவு.

ஆறும் காலமும் இழுக்கும் விசையும்

காயம் ஆறுவதை நாம் தோலைக் கொண்டே மதிப்பிடுகிறோம். பத்து நாளில் தோலின் தையலைப் பிரித்தவுடன் ‘புண் ஆறிவிட்டது’ என்கிறோம். உள்ளே நடப்பதோ வேறு. அறுவை முடிந்த ஒரு வாரத்தில் காயத்துக்குப் பழைய வலிமையில் நூற்றில் ஐந்து பங்குகூடச் சேர்வதில்லை. மூன்று வாரத்தில் ஏறத்தாழ 20 பங்கு. மூன்று திங்களில் ஏறத்தாழ 80 பங்கு. அதற்குமேல் அது பெரிதாக வளர்வதில்லை. எவ்வளவு நன்றாக ஆறிய தழும்பும் வெட்டுப்படாத திசுவுக்கு ஈடாவதில்லை. முதலில் உருவாகும் கொல்லாஜன் மெல்லியது. அது படிப்படியாக மறைந்து, தடித்த கொல்லாஜன் அவ்விடத்தை நிரப்பவேண்டும். புகைபிடிப்போர், சர்க்கரை நோய் கட்டுப்படாதோர், போதிய ஊட்டம் இல்லாதோர், ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் உண்போர் ஆகியோரிடம் இம்மாற்றம் சரிவர நடப்பதில்லை.

இத்தகைய இளம் தழும்பின்மேல் விழும் விசை எவ்வளவு? அமைதியாகப் படுத்திருக்கும்போது வயிற்றின் உள்ளழுத்தம் பாதரசக் கணக்கில் சில மில்லிமீட்டரே. பலமாக இருமும்போது அது 100 மில்லிமீட்டரையும் தாண்டும். உச்ச அழுத்தத்தை 150 மில்லிமீட்டர், அதாவது 20 கிலோபாஸ்கல், என்று கொள்வோம். வயிற்றை 16 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்றும் கொள்வோம். லாப்லாஸ் விதிப்படி, உருண்டைச் சுவரின் இழுவிசை அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்த அளவாகும். கணக்கிட்டால் சுவரின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் 16 நியூட்டன் வருகிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை தொங்கினாற்போல. 20 சென்டிமீட்டர் நீளத் தழும்பு ஒவ்வோர் இருமலுக்கும் எவ்வளவு தாங்கவேண்டும் என்பதைத் தோழர்களே பெருக்கிக் கொள்ளலாம்.

ஆரம் பெருகினால் விசையும் பெருகும் என்பதைக் கருதுக. பருத்த வயிற்றினர்க்குப் பிதுக்கம் மிகுதியாக வருவதற்கு இது ஒரு காரணம். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், அறுவைக்குப் பின்னான வயிற்று உப்புசம் ஆகியவையும் இவ்விதிப்படியே தழும்பைத் துன்புறுத்துகின்றன. இவை அனைத்தையும்விடக் கொடியது காயத்தில் சீழ் பிடிப்பது. கிருமிகளும் அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சுரக்கும் நொதிகள், புதிதாய்ப் பின்னிய கொல்லாஜனையே கரைத்துவிடும்.

இங்கே நூல் செய்யும் வேலை என்ன? நூல் அறுந்து வயிறு திறப்பது அரிது. பெரும்பாலும் நூல் முழுதாகவே இருக்கிறது; அது திசுவை அறுத்துக்கொண்டு நகர்கிறது, பாலாடைக் கட்டியைக் கம்பி அறுப்பதுபோல. மேலும் மேலும் வலிய நூலைத் தேடுவதால் இக்குறை தீராது. திசுக்கள் தாமே ஒட்டிக்கொள்ளும் வரை அவற்றை நெரிக்காமல் சேர்த்துப் பிடித்திருப்பதே நூலின் கடமை.

அறிகுறியும் ஆபத்தும்

தழும்புப் பிதுக்கம் உள்ளோர் பலர் அதனை ஒரு நோயாகவே கருதுவதில்லை. தில்லியில் வீட்டுவேலை செய்யும் விழுப்புரம் மாவட்டத்து அம்மையார் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக, 2024-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். கருப்பையை அகற்றிய பழைய தழும்பில் அவருக்குத் தேங்காய் மூடி அளவில் வீக்கம். புடவையை இறுகச் சுற்றிக்கொண்டு நான்கு ஆண்டுகளாகக் குடம் சுமந்திருக்கிறார். “படுத்தா உள்ள போயிடுது தம்பி. தானா போறத எதுக்கு அறுக்கணும்?” என்று அவர் கேட்டதை நான் இந்தியில் சொன்னேன். மருத்துவர் பொறுமையாக விடையளித்தார்: “உள்ளே போகும் காலத்திலேயே செய்தால், சர்க்கரையைக் குறைத்து, நாள் பார்த்துச் செய்யலாம். போகாமல் சிக்கிக்கொண்டால் நடுராத்திரியில் ஓடிவந்து செய்ய வேண்டியிருக்கும்.”

இவ்விடையில் பிதுக்கத்தின் ஆபத்து முழுதும் அடங்கியுள்ளது. இடைவெளியின் விளிம்பில் குடல் சிக்கினால் உணவும் காற்றும் செல்லும் வழி அடைபடும். மேலும் இறுகினால் குருதியோட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். வீக்கம் உள்ளே போகாமல் கல்போல் இறுகுதல், விடாத வலி, வாந்தி, மலமும் காற்றும் பிரியாமை, மேல்தோல் சிவத்தல் அல்லது கருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவமனை செல்லவேண்டும். மறுநாள் பார்ப்போம் என்றிருத்தல் ஆகாது. அவசரத்தில் செய்யும் அறுவையில் உயிரிழப்பும் சிக்கலும் திட்டமிட்டுச் செய்யும் அறுவையைவிட மிகுதி.

ஆயினும் பிதுக்கம் உள்ள எல்லோரும் உடனே அறுவைக்கு உட்பட வேண்டும் என்பதில்லை. முதுமையும் வேறு நோய்களும் உள்ளவருக்குத் துன்பம் குறைவாயிருந்தால், கண்காணித்து வருவதும் ஏற்ற வழியே. கடையில் விற்கும் இடுப்புப் பட்டை வீக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும், இடைவெளியை மூடாது. மருந்தாலும் அது மூடாது.

தையலா, வலையா?

முற்காலத்தில் பிதுக்கத்தைச் சீர்செய்வது என்றால், விலகிய விளிம்புகளை இழுத்து மீண்டும் தைப்பதே. இழுத்துத் தைத்த இடத்தில் இறுக்கம் மிகுதி. இறுக்கத்தால் குருதியோட்டம் குறையும். குருதி குறைந்தால் ஆறுதல் குன்றும். ஆகவே மறுபடியும் பிதுங்கும்.

இந்நிலையை மாற்றியது எங்கள் துறையில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு. 1950-களின் தொடக்கத்தில் எதிலீன், புரொப்பிலீன் ஆகிய வாயுக்களை ஒழுங்கான நீண்ட சங்கிலிகளாகக் கோக்கும் வினையூக்கிகள் கண்டறியப்பட்டன. அதற்காக ஜெர்மனியின் சீக்லரும் இத்தாலியின் நாட்டாவும் 1963-இல் நோபல் பரிசு பெற்றனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர், ‘மார்லெக்ஸ்’ எனும் பாலிஎதிலீன் இழையால் நெய்த வலையைத் தழும்புப் பிதுக்கத்தில் வைத்துத் தைத்து, அம்முறையை 1958-இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் பின்னல் முறையில் செய்த பாலிபுரொப்பிலீன் வலைக்கு மாறினார். விளிம்புகளை வலிந்து இழுக்காமலே இடைவெளியை மூட வழி பிறந்தது. வலையின் கண்களுக்குள் உடலின் திசு வளர்ந்து புகுந்து, இரும்புக் கம்பியைச் சிமெண்டுக் கலவை பற்றுவதுபோல் அதனைப் பற்றிக்கொள்கிறது.

வலை உண்மையில் சிறந்ததா என்பதை நெதர்லாந்து நாட்டவர் முறையாகச் சோதித்தனர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், முதன்முறை தோன்றிய பிதுக்கங்களுள் தையலிட்டவை மூன்றாண்டில் நூற்றுக்கு 43 மீண்டும் பிதுங்கின. வலை வைத்தவை 24. அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கு, தையலுக்கு 63, வலைக்கு 32 என்று காட்டியது. இதில் இரண்டு பாடங்கள் உள. ஒன்று, மீளும் பிதுக்கத்தை வலை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. மற்றொன்று, காலம் செல்லச் செல்ல இரண்டுமே தோல்வியைக் கூட்டிக்கொண்டே போகின்றன. ஓராண்டு முடிவைக் கொண்டு ஒரு முறையைப் புகழ்வது எவ்வளவு தவறு என்பதை இதனால் அறியலாம்.

வலையை எங்கே வைப்பது?

வலையை எந்த அடுக்கில் வைப்பது என்பதிலும் விளைவு அடங்கியுள்ளது. தோலுக்கும் தசைநார்த் தகட்டுக்கும் இடையில் வைப்பது எளிது. ஆனால் அங்கே நீர் தேங்குதலும் சீழ் பிடித்தலும் மிகுதி. பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரத்து ரீவ்ஸும் அமியான் நகரத்து ஸ்தோப்பாவும் வலையை நேர்தசைக்குப் பின்னால், உள்ளுறைக்கு வெளியே விரிக்கும் முறையை வளர்த்தனர். அங்கே உள்ளழுத்தமே வலையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. குருதி வளமுள்ள தசை முன்னால் நிற்பதால் கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் மிகுதி. குடலும் வலையைத் தொடுவதில்லை. திறந்து செய்யும் அறுவைகளில் இன்று பெரிதும் மதிக்கப்படுவது இதுவே.

1993-இல் அமெரிக்காவின் லெபிளாங்க் என்பவர், சிறு துளைகள் வழியே லாப்ராஸ்கோப்பு கொண்டு உட்புறமிருந்தே வலை வைக்கும் முறையை வெளியிட்டார். காயம் சிறிது, சீழ் குறைவு, நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். ஆனால் இம்முறையில் வலை குடலுக்கு எதிரே அமைவதால், குடலை நோக்கும் பக்கத்தில் ஒட்டாத பூச்சு உடைய வலை வேண்டும். எம்முறையானாலும், வலை இடைவெளியை மட்டும் மூடினால் போதாது. தழும்பு சுருங்கும்போது வலையும் சுருங்கும். ஆதலால் விளிம்புக்கு அப்பால் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மிகுதியாக விரிக்கின்றனர்.

மிகப் பெரிய பிதுக்கங்களில் வேறொரு தொல்லை உண்டு. பல ஆண்டுகள் வெளியே தங்கிய குடலுக்கு வயிற்றினுள் இடமே இல்லாது போகிறது. வலிந்து உள்ளே தள்ளி மூடினால் உள்ளழுத்தம் உயர்ந்து, உதரவிதானம் மேலேறி மூச்சு முட்டும். சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறையும். இதனைத் தவிர்க்கப் பக்கத் தசைப் படலங்களுள் ஒன்றைத் தனியே விடுவித்து, நேர்தசையை நடுவுக்கு நகர்த்தும் முறையை ரமிரெஸ் 1990-இல் விளக்கினார். அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பக்கத் தசைகளில் போட்டுலினம் நஞ்சைச் சிற்றளவில் ஊசியாகச் செலுத்தி, அவற்றைத் தளரச் செய்வதும் இன்று உண்டு.

சிக்கல்கள்

இனி, இவ்வறுவையின் சிக்கல்களைப் பார்ப்போம். வலை வைத்த இடத்தில் நிணநீர் தேங்கி மீண்டும் ஒரு வீக்கம் தோன்றுவது மிகப் பரவலானது. நோயாளி ‘பிதுக்கம் திரும்பிவிட்டது’ என்று அஞ்சுவார். பெரும்பாலும் சில வாரங்களில் அது தானே வற்றிவிடும். காரணமின்றி அதனை ஊசியால் உறிஞ்சினால் கிருமி புகுவதற்கு வழி திறந்துவிட்டதாகும்.

கிருமி புகுதல் இரண்டாவது, இதுவே பெருஞ்சிக்கல். இதில் வலையின் கண்ணளவு முதன்மையானது. பாக்டீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவினது. அதனை விழுங்கும் வெள்ளணுக்கள் பத்து மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை. பத்து மைக்ரானுக்குக் குறைந்த சந்துகளில் கிருமி நுழைந்து குடியிருக்கும். காவலர் உள்ளே போக முடியாது. பல இழை முறுக்கிய நூல்களில் இத்தகைய சந்துகள் ஏராளம். ஆகவே ஒற்றை இழையால் பின்னிய, பெரிய கண்ணுடைய வலையை விரும்புகின்றனர். கிருமி நிலைத்துவிட்டால் சிலருக்கு வலையையே அகற்ற நேரிடும். அகற்றினால் பிதுக்கம் திரும்பும்.

மூன்றாவது குடலுக்கு நேரும் ஊறு. முன் நடந்த அறுவையால் குடல் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். அதனைப் பிரிக்கையில் துளை விழலாம். அத்துளை கண்ணில் படாமல் போனால் ஓரிரு நாளில் வயிறு முழுதும் சீழ் பரவும். பல ஆண்டுகள் கழித்து, பூச்சில்லாத வலை குடலை அரித்துத் தோல்வரை புரைவழி உண்டாவதும் உண்டு. இது அரிது, ஆனால் மிகக் கொடிது.

நான்காவது நீங்கா வலி. பாலிபுரொப்பிலீன் உடலில் ஒரு மாற்றமும் விளைவிக்காத பொருள் என்று முன்னர்க் கருதினர். அது உண்மையன்று. ஒவ்வோர் இழையையும் விழுங்கணுக்கள் சூழ்ந்து நிற்கின்றன. இழையின் மேற்பரப்பும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கண்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாயின், ஒவ்வோர் இழையைச் சுற்றியும் எழும் தழும்பு அடுத்த இழையின் தழும்போடு கைகோத்து, முழு வலையும் ஒரே பலகைபோல் இறுகிவிடும் என்பதை ஜெர்மனியின் ஆஹன் நகரத்து ஆய்வாளர் காட்டினர். தொடக்ககால வலைகள் சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கிராம் எடையுள்ளவை. வயிறு கேட்கும் 16 நியூட்டனைவிடப் பன்மடங்கு வலியவை. அம்மிகை வலிமையால் நோயாளி பெற்ற பயன் விறைப்பே. ஆகவே எடை குறைந்த, கண் பெருத்த வலைகள் தோன்றின. ஆனால் எடையை மிகக் குறைத்தால் வலை நடுவில் கிழிவதும் உண்டு.

இவற்றோடு நுரையீரல் அழற்சி, கால் நரம்பில் குருதி உறைதல் முதலான பொதுச் சிக்கல்களும் உள. இறுதியாக, பிதுக்கம் மீண்டும் தோன்றுதல். ஒவ்வொரு முறை மீளும்போதும் அடுத்த அறுவை கடினமாகிறது.

வலையின் நன்மையையும் தீமையையும் ஒரே தராசில் வைத்த ஆய்வு டென்மார்க்கிலிருந்து 2016-இல் வந்தது. 3,242 நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தனர். பிதுக்கம் மீண்டதால் மறுபடியும் அறுவை செய்துகொண்டோர், தையல் முறையில் நூற்றுக்கு 17.1, திறந்து வலை வைத்ததில் 12.3, லாப்ராஸ்கோப்பு முறையில் 10.6. ஆனால் வலையால் விளைந்த பெருஞ்சிக்கல்கள் ஐந்தாண்டில் முறையே 5.6, 3.7 என்று ஏறின. வலை தந்த நன்மையில் ஒரு பங்கை வலையே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது இதன் பொருள். இக்கணக்கு கிடைத்ததற்குக் காரணம், அந்நாட்டில் ஒவ்வொரு பிதுக்க அறுவையும் பதிவேட்டில் ஏறுவதே. இத்தகைய பதிவேடுகள் கண்ட குறையால்தான் 2016-இல் ஒரு வகை வலை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

கொசுவலை தந்த பாடம்

வலையின் விலை நம் நாட்டில் பெரிய கேள்வி. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் உள்ள தோண்டாயிச்சா எனும் சிற்றூரின் அறுவை மருத்துவர் டோங்காவன்கர், கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமி நீக்கித் தொடைமடிப் பிதுக்கத்துக்குப் பயன்படுத்தினார். பல இடங்களில் சேர்ந்து செய்த சோதனையின் முடிவை 2003-இல் வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் இருவகை வலைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வந்தது. ஓராண்டில் கொசுவலை வைத்தவர்களுள் ஒருவருக்கே பிதுக்கம் மீண்டது. விலை மிகுந்த வலையில் ஒருவருக்கும் மீளவில்லை. மற்றச் சிக்கல்கள் இரண்டிலும் ஏறத்தாழச் சமம்.

இம்முடிவு தொடைமடிப் பிதுக்கத்துக்கு உரியது. குடலருகே வைக்கும் பெரிய தழும்புப் பிதுக்கத்துக்கு இதனை அப்படியே பொருத்திவிடலாகாது. எனினும் எங்கள் துறை மாணவர் கருதவேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. கொசுவலையின் இழையும் மருத்துவ வலையின் இழையும் ஒரே குடும்பத்துப் பாலிமர்கள். தூய்மை, கண்ணளவு, கிருமி நீக்கும் வெப்பத்தைத் தாங்கும் தன்மை ஆகியவற்றை உறுதி செய்து, ஏழைக்கு எட்டும் விலையில் தருவது நம்மால் இயலாத காரியமன்று.

வருமுன் காத்தல்

யாவற்றினும் மலிவான மருத்துவம், முதல் அறுவையிலேயே வயிற்றைச் செவ்வனே மூடுவது. 1976-இல் இங்கிலாந்தின் ஜெங்கின்ஸ் என்பவர், வயிறு உப்பும்போது காயத்தின் நீளமும் கூடுகிறது என்பதைக் கணக்கிட்டு, காயத்தின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நூல் தையலில் செல்லவேண்டும் என்றார். நூல் குறைந்தால் காயம் நீளும்போது அது திசுவை அறுக்கும்.

பெருந்தையலா, சிறுதையலா என்ற வினா பின்னர் எழுந்தது. விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தசையையும் சேர்த்துப் பிடிப்பதே உறுதி என்று நெடுங்காலம் கற்பித்தனர். சுவீடன் நாட்டு ஆய்வாளர் தசையை விட்டுத் தசைநார்த் தகட்டை மட்டும் நெருக்கமான சிறுதையல்களால் தைத்துப் பார்த்தனர். 2009-இல் வெளிவந்த முடிவில் பிதுக்கம் பெருந்தையலில் நூற்றுக்கு 18, சிறுதையலில் 5.6. காயத்தில் சீழ் பிடித்தலும் பாதியானது. நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்த சோதனை 2015-இல் வெளிவந்தது. விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் இட்டவர்களுள் ஓராண்டில் நூற்றுக்கு 13 பேருக்கும், பெருந்தையல் இட்டவர்களுள் 21 பேருக்கும் பிதுக்கம் தோன்றியது. இதற்கு வேண்டிய கூடுதல் நேரம் சில நிமிடங்களே. நூலும் மெல்லக் கரையும் பாலிடையாக்ஸனோன் நூல். தழும்பு வலுப்பெறும் வாரங்களில் உடனிருந்து, ஏறத்தாழ ஆறு திங்களில் முற்றும் கரைந்துவிடும்.

நோயாளியின் பங்கும் உண்டு. நாள் குறித்துச் செய்யும் அறுவையானால் நான்கு வாரம் முன்பே புகையை விடவேண்டும். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். இயன்ற அளவு உடல் எடையைக் குறைக்க வேண்டும். அறுவைக்குப் பின் இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுதல் நன்று. நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பாரம் தூக்குவதை எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

மேலே கூறிய அம்மையாரும் இதனையே கேட்டார்: “வலை வெச்சா மறுபடி வேலைக்குப் போகலாமா?” வாரக்கணக்கில் ஓய்வும், பின்னர்ப் படிப்படியாக வேலையும் என்றார் மருத்துவர். அதன் பிறகு, “முந்தைய ஆபரேஷன் சீட்டு இருக்கிறதா?” என்று வினவினார். இல்லை. எந்த நூலால் தைத்தனர், அப்போது சீழ் பிடித்ததா என்பவை எவர்க்கும் தெரியவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மவரிடம் இக்குறை மிகுதி. அறுவைச் சீட்டையும், வலை வைத்திருந்தால் அதன் பெயரும் எண்ணும் உள்ள ஒட்டுத்தாளையும் பத்திரப்படுத்தச் சொல்வது, வீட்டுக்கு எழுதும்போதும் பேசும்போதும் நாம் செய்யக்கூடிய சிறு உதவி.

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்ட தாய்மார் நம் வீடுகள் பலவற்றில் உள்ளனர். ‘வயிறு கொஞ்சம் சரிந்திருக்கிறது’ என்று மட்டும் அவர்கள் சொல்லக்கூடும். இருமினால் புடைக்கிறதா, படுத்தால் அடங்குகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், அது அடங்கும் காலத்திலேயே ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.